வாயால் உறிஞ்சாதீர்கள்

எங்கள் மாடியில் ஆறு ஆய்வுக்கூடங்கள். ஆறின் கதவிலும் ஒரே அறிவிப்பு: "வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள்." எழுதியது நான். பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொன்னதும் நான். அளவுக்குழாயின் முனையில் அந்த ரப்பர் உருண்டையை மாட்டாமல், வாயை வைத்துக் கரைசலை உறிஞ்சிய ஒரு மாணவனை, பாதுகாப்புக் குழுத் தலைவி என்ற முறையில், எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கிழி கிழி என்று கிழித்ததும் நான்தான். அவன் அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டான். என்னால் அல்ல என்று நம்புகிறேன்.

அந்த ஆறில் கடைசிக் கூடம் என்னுடையது. அதன் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு வருடமாக நான் வாயால்தான் உறிஞ்சினேன். பார்க்க யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் வேலை என்ன என்று தங்கைக்கு ஒருமுறை விளக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நாம் தின்கிற முட்டை, இறைச்சி, பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக நறுக்க உடம்புக்குள் சில நொதிகள் உண்டு. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளிக்காயைக் கீறினால் வடிகிற பாலிலும் அப்படி ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அது கண்டபடி வெட்டினால் ஆபத்து அல்லவா. அதனால் அதன் வாயில் போய் மாட்டிக்கொண்டு வெட்டவிடாமல் செய்கிற புரதங்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தடுப்பான்கள் என்று பெயர்.

"அதாவது கத்தரிக்கோல் வாயில துணி சிக்கின மாதிரி. வெட்டவும் வெட்டாது, விடவும் விடாது" என்றாள் தங்கை. அவள் தையல்கடை வைத்திருக்கிறாள். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

ஒரு காட்டுக்கொடியின் விதை என் மேசை இழுப்பறையில் எட்டு வருடம் கிடந்தது. பக்கத்திலிருந்த மற்ற விதைகளையெல்லாம் வண்டு மாவாக்கிவிட்டது, இதை மட்டும் தொடவில்லை. வண்டின் வயிற்றிலும் பப்பாளியில் உள்ளதைப் போன்ற கத்தரிக்கோல்தான், அதை இந்த விதை தடுக்கிறது என்று எனக்குப் பட்டது. அரைத்தேன், ஊறவைத்தேன், வடிகட்டினேன். கோந்து மாதிரி ஒரு சாறு வந்தது.

சோதனை சுலபம். பால் புரதக் கரைசலில் பப்பாளி நொதியை விட்டு, இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, கடைசியில் அமிலம் ஊற்ற வேண்டும். நொதி புரதத்தை நறுக்கித் தின்றிருந்தால் குழாய் தெளிவாக நிற்கும். தின்ன முடியாமல் போயிருந்தால் புரதம் திரிந்து வெள்ளையாக அடியில் இறங்கும். என் விதைச்சாறு சேர்த்த குழாயில் வெள்ளை இறங்கியது. சாற்றுக்குப் பதிலாக வெறும் உப்புக் கரைசல் சேர்த்த குழாய் தெளிவாக நின்றது. இந்த இரண்டாவது குழாய்க்குப் பெயர் கன்ட்ரோல். மற்றதெல்லாம் அதில் இருக்கும், நாம் சோதிக்கிற பொருள் மட்டும் இருக்காது. கன்ட்ரோல் இல்லாத முடிவு முடிவே இல்லை என்று மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. ஒரு கூடை விதையை அரைத்தால் ஒரு கிண்ணம் சாறு தேறும். பல்ப் வைத்து எடுத்தால் அதில் கால்வாசி குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும், கடைசிச் சொட்டு அசையாது. எனக்கு வயிறு எரியும். அதனால் வாயால் உறிஞ்சி, கடைசிச் சொட்டைப் பலமாக ஊதி இறக்குவேன். அளவுக்குழாயின் மேல்முனையில் பஞ்சு வைத்திருப்பார்கள். ஊத இடைஞ்சல் என்று அதையும் பிடுங்கிவிடுவேன். விதைச்சாறுதானே, விஷமா என்ன. உப்புக் கரைசல் தண்ணீர் மாதிரி தானே ஓடி இறங்கிவிடும், ஊத வேண்டியதில்லை. ஆகையால் அதை மட்டும் நல்ல பிள்ளையாகப் பல்ப் வைத்தே எடுத்தேன்.

இதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியப் பதினோரு வருடமும் ஒரு கடைவாய்ப் பல்லும் தேவைப்பட்டன.

சாற்றிலிருந்து பிசினைப் பிரித்துவிட்டுத் தடுப்பானை மட்டும் தனியாக எடுக்க நான் படாத பாடு பட்டேன். பிசின் இருக்கிற பகுதியில்தான் தடுப்பு இருந்தது. பிசினை நீக்கினால் தடுப்பும் காணாமல் போனது. "இத்தடுப்பான் பிசினுடன் இறுகப் பிணைந்துள்ளது" என்று கட்டுரையில் எழுதினேன். இறுகப் பிணைந்தது நான்தான். மாணவர்கள் எல்லோரும் மரபணுப் பக்கம் போனார்கள். பழைய அடுக்குகள், பனி படிந்த குளிர்பெட்டி, மூடி சரியாக மூடாத ஒரு நிறமானி, இவற்றோடு நான் கடைசிக் கூடத்தில் தங்கிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் பிசின் மேடம் என்று சொல்லிக்கொண்டார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வேறு ஊரில் என் துறையிலேயே இருக்கிற ஒரு பேராசிரியர்.

"மேடம், உங்க கட்டுரையைப் படிச்சேன். மூணு தடவை செஞ்சு பார்த்துட்டோம். உங்க தடுப்பான் எங்க கையில வரமாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "கையைக் கழுவிட்டுச் செஞ்சு பாருங்க" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "கழுவிட்டு அடுத்த வியாழக்கிழமை கூப்பிடறேன்" என்றார். சொன்னபடி கூப்பிட்டார். அதற்கடுத்த வியாழனும் கூப்பிட்டார்.

நான் அவருக்குச் சந்தேகக்காரர் என்று பெயர் வைத்தேன். காலையில் காய்ச்சின பாலுக்குக்கூடக் கன்ட்ரோல் கேட்கிற மனுஷன். ஒவ்வொரு வாரமும் ஒரு புதுச் சந்தேகம் கொண்டுவருவார். தண்ணீரில் இரும்பா? விதை பறித்த மாதமா? குழாயின் கண்ணாடியா? ஒரு வாரம் என் ஊர்த் தண்ணீரைக் கேனில் அனுப்பினேன். ஒரு வாரம் அவருடைய நொதியை எனக்கு அனுப்பினார். எனக்கு வெள்ளை இறங்கியது, அவருக்கு இறங்கவில்லை. "உங்க கைராசி மேடம்" என்பார்.

ஆரம்பத்திலேயே, மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒன்று கேட்டார். "சாறு எடுக்கிறது ரப்பர் பல்ப் வெச்சுத்தானே?"

கதவில் என் அறிவிப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பின்ன?" என்றேன்.

"எந்தக் கம்பெனி பல்ப்?"

ஒரு பெயரைச் சொன்னேன். அடுத்த வாரம் அதே கம்பெனிப் பல்ப்பைத் தேடி வாங்கிவிட்டார். எனக்கு அது அப்போது ஒரு பெரிய பொய்யாகவே தோன்றவில்லை. வெட்கத்தில் சொன்னது, அவ்வளவுதான்.

பத்து நிமிடமாக இருந்த பேச்சு ஒரு மணி நேரமானது. அவர் பேச வரும்போது முதலில் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். அது கேட்டால் சாவகாசமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம். கேட்கவில்லை என்றால் நின்றுகொண்டே நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். போகப் போக நாற்காலிச் சத்தம் தவறாமல் கேட்டது. தடுப்பானுக்குப் பத்து நிமிடம். மிச்சமெல்லாம் அவருடைய முழங்கால், எரியாத அடுப்பு, பால்கனியில் முட்டையிட்ட புறா. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது என்று ஒருநாள் புறாவைப் பற்றிப் பேசும்போதே சொன்னார். என் வீட்டு மேல்தளத்தில் யாரோ தினமும் கட்டிலை நகர்த்துகிறார்கள் என்று நான் புகார் சொன்னேன். அவர் அதையும் ஒரு ஆராய்ச்சிப் பிரச்சினை மாதிரி விசாரித்தார். எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்?

வாரத்தில் மற்ற ஆறு நாளும் என் குரலை நானே கேட்பது குறைவு. வீட்டில் இரண்டு அறை, ஒரு நாற்காலியில் நான், இன்னொன்றில் துவைத்த துணி. ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிடுவாள். "உன் வியாழக்கிழமை மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்பாள். "போடி, ஆராய்ச்சி விஷயம்" என்பேன். நான் ஒருநாளும் அவரை அழைத்ததில்லை. அவர்தான் சந்தேகம் உள்ளவர், அவர்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு வீராப்பு.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடக் கூடாது என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. தீர்ந்தால் வியாழக்கிழமை நாலு மணிக்கு என்ன வேலை?

அப்போதுதான் பல் வலி வந்தது. கன்னம் வீங்கி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கையோடு பல் மருத்துவரிடம் போனேன். பிடுங்கித் தையல் போட்டார். வெளியே வரும்போது சொன்னார்: "இன்னும் ரெண்டு நாளைக்கு எதையும் உறிஞ்சக் கூடாது. துப்பவும் கூடாது. காயத்துல ரத்தம் உறைஞ்சிருக்கு, அது பிடுங்கிக்கும்."

"இவ ஸ்ட்ரா போட்டு எதுவும் குடிக்கிற ஆள் இல்ல டாக்டர்" என்றாள் தங்கை. நான் வாயில் பஞ்சோடு சும்மா இருந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புதிதாக அரைத்த சாறு கெட்டுப்போகும் என்று வீங்கிய கன்னத்தோடு கூடத்துக்குப் போனேன். வேறு வழியில்லாமல், பதினோரு வருடத்தில் முதல்முறையாக, சாற்றைப் பல்ப் வைத்து எடுத்தேன். கடைசிச் சொட்டு குழாயில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

இருபது நிமிடம் கழித்து அமிலம் ஊற்றினேன். சாறு சேர்த்த குழாய் தெளிவாக நின்றது. கன்ட்ரோலும் தெளிவாக நின்றது. இரண்டையும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசிச் சொட்டு இறங்காததால் இருக்கும் என்று இரண்டு மடங்கு சாறு எடுத்தேன். தெளிவு. மூன்று மடங்கு எடுத்தேன். அதுவும் தெளிவு. முக்காலியில் உட்கார்ந்து, இத்தனை வருடம் செய்ததிலிருந்து இன்று என்ன மாறியது என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். விதை அதே விதை. தண்ணீர் அதே தண்ணீர். மாறியது என் வாய் ஒன்றுதான்.

எச்சிலில் இந்த வகைக் கத்தரிக்கோலைத் தடுக்கிற புரதங்கள் உண்டு. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வருடா வருடம் அந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். பப்பாளி நொதியை அது நிறுத்தும் என்று கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன்.

துப்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் ஒரு கண்ணாடிக் குவளையின் மேல் குனிந்து, வாயைத் திறந்து, எச்சிலை ஒழுகவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. கதவு சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று. அதில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து, விதைச்சாறே இல்லாமல், நொதியோடு சேர்த்தேன். அமிலம் ஊற்றினேன். வெள்ளை இறங்கியது. என் பதினோரு வருடத்தில் இவ்வளவு அழகாக ஒருநாளும் இறங்கியதில்லை.

விதையில் ஒன்றும் இல்லை. வண்டு தொடாததற்குக் காரணம் பிசின் அதன் பல்லில் ஒட்டியதாக இருக்கும். பிசின் இருந்த இடத்தில் நான் ஊதினேன், ஊதின இடத்தில் என் எச்சில் போனது. பிசின் இல்லாத இடத்தில் ஊதவில்லை. நான் துரத்தித் துரத்தித் தேடியது என்னையேதான்.

முதலில் சிரிப்பு வந்தது. தையல் பிரிந்துவிடப் போகிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். அப்புறம் அழுகை. விதைக்காக அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சன்னலை மூடும்போதுதான், நாளை மறுநாள் வியாழக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. எதற்காக அழுதேன் என்று அப்போது புரிந்தது.

அந்த வியாழன் நாற்காலிச் சத்தம் கேட்டது. "பல் எப்படி இருக்கு மேடம்?" என்றார். போன வாரம் பல் வலி என்று அவரிடம் சொல்லியிருந்ததே எனக்கு மறந்துவிட்டது. "வாயில ரத்தம் இன்னும் கசியுது" என்றேன். மனதுக்குள் ஒரு சாக்கைத் தயாராக வைத்திருந்தேன். ரத்தத்திலும் இப்படித் தடுப்பான்கள் உண்டு. அன்று என் எச்சிலில் ரத்தம் கலந்திருக்கலாம். காயம் ஆறட்டும், இன்னொரு தடவை செய்துவிட்டுச் சொல்வோம். விஞ்ஞானப்படி அது சரியான காரணம். ஆனால் காரணம் சொன்னவள் சரியில்லை.

அடுத்த செவ்வாய் காயம் ஆறியிருந்தது. வெறும் உப்புக் கரைசலை வாயால் உறிஞ்சி, சாற்றை ஊதுவது போலவே ஊதினேன். வெள்ளை. சாக்கு தீர்ந்தது. வியாழன் வந்தது. "என்ன மேடம், இன்னிக்குப் பேச்சைக் காணோம்?" என்றார். "வாய் வலிக்குது" என்றேன். பொய்யில்லை பாருங்கள், மெல்லும்போது வலிக்கத்தான் செய்தது. இப்படித்தான் பூசி மெழுகினேன். அவர் தண்ணீரைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். சோதனைக்காகத் தன் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி வேறு குழாயிலிருந்து தண்ணீர் பிடித்திருக்கிறாராம். ஒரு மனுஷனை உட்காரவைத்து, இல்லாத ஒன்றைத் தேடவிட்டு, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. வைத்த பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வியாழன் அவர் குரலில் ஒரு தெளிவு இருந்தது.

"மேடம், ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ரெண்டு வருஷமா எல்லாத்தையும் சந்தேகப்பட்டாச்சு. உங்க கையில ஒவ்வொரு தடவையும் வருது, எங்க கையில ஒரு தடவைகூட வரல. தப்பு எங்க பக்கம்தான். அப்படியே எழுதிக் குடுக்கப் போறேன். 'எங்கள் ஆய்வுக்கூடத்தின் குறைபாட்டால் இம்முடிவை எட்ட இயலவில்லை'ன்னு நாலு வரி. பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்னுதான்."

சந்தேகக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகப்படாமல் இருக்கிறார், அதுவும் என்னை. என்னால் தாங்க முடியவில்லை.

"அனுப்பாதீங்க சார்" என்றேன். "விதையில ஒண்ணும் இல்ல. அது என் எச்சில்."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பிசின், கடைசிச் சொட்டு, ஊதியது, பஞ்சைப் பிடுங்கியது, பல், குவளை. சொல்லி முடித்ததும், சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். முதல் நாள் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"எப்போ தெரியும்?" என்றார்.

"இது மூணாவது வியாழக்கிழமை."

"நான் பல்ப்னு கேட்டேன் மேடம். கம்பெனி பேருகூடச் சொன்னீங்க."

"ஆமா."

"எங்கிட்ட வேலை பார்க்கிற பொண்ணை, உனக்குக் கை சுத்தமில்லன்னு திட்டினேன். ஒருநாள் இல்ல, எத்தனையோ நாள். பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து மறுபடியும் செய்வா. அவகிட்ட இப்போ நான் என்ன சொல்றது?"

பயந்துதான் மறைத்தேன், நீங்கள் கூப்பிடுவது நின்றுவிடுமே என்று பயந்தேன், அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இவ்வளவு நாள் வாயால் கெட்டது போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

"சரி. வைக்கிறேன்" என்றார். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

அன்று மாலையே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், தடுப்பான் விதையினுடையது அல்ல, என்னுடையது. எப்படி நடந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். அந்தப் பெண்ணும் அவள் பேராசிரியரும் செய்த சோதனைகளே சரியானவை என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தேன். மறுநாள் துறைத்தலைவரிடம் போய்ப் பாதுகாப்புக் குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஒரு வாரத்தில் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. பிசின் மேடம் போய் எச்சில் மேடம் வந்தேன். நான் கிழித்த மாணவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும், அவனுக்கு அது சேர வேண்டியதுதான்.

அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. வியாழக்கிழமை நாலு மணி வந்தது. தொலைபேசி மேசையில் இருந்தது. ரிசீவரை எடுத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தேன். வைத்த அந்த நொடியில் அவர் கூப்பிட்டிருந்தால் என்ற நினைப்பு வந்து, மறுபடி எடுத்துப் பார்க்கவும் பயம். ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த வியாழனும் அப்படித்தான். அதற்கடுத்த வியாழன் மதியமே கூடத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நாலு மணி இன்னும் நீளம். மேல்தளத்தில் கட்டிலை நகர்த்தினார்கள். கிழக்கிலிருந்து மேற்காக. சொல்ல ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை நேரிலேயே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கைராசின்னு சொன்னாரே, கடைசியில வாய்ராசியா?" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுபோனது. மற்ற நாற்காலியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"நீ கூப்பிடேன்க்கா."

"என்னன்னு கூப்பிடுவேன்? பேசறதுக்கு இருந்த ஒரே விஷயத்தை நானே முடிச்சு வெச்சுட்டேன்."

"அவரு போன் பண்ணினது விதைக்காகன்னு நீ இன்னுமா நம்பறே?"

"பின்ன எதுக்கு?"

"மக்கு" என்றாள். பெரிய படிப்புப் படித்த அக்காவை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் நான் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரிதான் வந்தது. தபாலில் போட்டேன். பதில் இல்லை.

ஏழு வாரம் ஆயிற்று. பதினோரு வருடச் சாறுகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டிப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புட்டியிலும் என் கையெழுத்தில் தேதி. அப்போது தபால் வந்தது. உறையில் அவர் கையெழுத்து. ஈரக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

கடிதம் இல்லை. ஆய்வுக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். மேலே தேதி. கீழே இப்படி இருந்தது:

விதைச்சாறு, பல்ப் மூலம்: தெளிவு.
விதைச்சாறு, வாய் மூலம்: வெள்ளை.

அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: சோதனை செய்தது, திட்டு வாங்கிய பெண். ஊதியது, திட்டியவன்.

மூன்று தடவை படித்தேன். என் முடிவு இன்னொருவர் கையில் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக அவருக்கு ஒரு தடவைகூட வராதது இப்போது வந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் எப்படியோ சொல்லிவிட்டார். அவள் சிரித்திருப்பாளா? அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதியதைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

நாலாவது தடவை படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி. உறையைக் குலுக்கிப் பார்த்தேன். வேறு தாள் இல்லை. இரண்டே குழாய். உப்புக் கரைசலை வாயால் ஊதிய குழாய் எங்கே? அது இல்லாமல், வெள்ளை இறங்கியது எச்சிலால் என்று எப்படிச் சொல்வது? முதல் வருட மாணவன்கூட விடமாட்டான். காலையில் காய்ச்சின பாலுக்குக் கன்ட்ரோல் கேட்கிற மனுஷன் இதை மறப்பாரா?

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. யாரும் யாரையும் கூப்பிடுகிற நேரம் இல்லை. நொதி அனுப்பிய பெட்டியின் மேல் அவர் எழுதியிருந்த எண், ஏழு வாரமாகப் பாதி அழுத்திப் பாதியில் வைத்து வைத்து விரலுக்கே தெரிந்திருந்தது. நாலு தடவை மணி அடித்தது.

"ஹலோ?"

"கன்ட்ரோல் எங்க சார்?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்றார். தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.